கிருமியின் போர்வையும் கணிப்பொறியும்

பிழைப்பின் பொருட்டு ஐதராபாத்திலும் செகந்தராபாத்திலும் குடியேறிய நாம் சார்மினாரைப் பற்றிப் பேசும் அளவுக்கு, நகரின் வடபுறத்தேயுள்ள ‘ஜீனோம் வேலி’யைப் பற்றிப் பேசுவதில்லை. அங்குள்ள பாரத் பயோடெக் நிறுவனத்தைத் திருத்தணிப் பகுதியில் பிறந்த கிருஷ்ணா எல்லாவும் அவர்தம் துணைவியார் சுசித்ராவும் 1996-இல் தொடங்கினர். அதன் டைபாய்டுத் தடுப்பு மருந்தை உலகச் சுகாதார நிறுவனம் 2017-இன் இறுதியில் தகுதியுடையதென ஏற்றது.

டைபாய்டுக் கிருமி சர்க்கரையாலான ஒரு போர்வையைப் போர்த்துக்கொண்டு வருகிறது. அப்போர்வையை மட்டும் பிரித்து ஊசியில் இட்டால், இரண்டு வயது நிரம்பாத குழந்தையின் உடல் அதனைப் பொருட்படுத்துவதில்லை. ஆகவே, நச்சுத்தன்மை போக்கிய இரணஜன்னிப் புரதத்துடன் அதனைப் பிணைத்தனர். ஆறு மாதக் குழந்தைக்கும் இப்பொழுது அது பயன்படுகிறது. போர்வை வெளிப்படையாகத் தெரிந்தமையால், இங்கே இலக்கைத் தேடக் கணிப்பொறி வேண்டியிருக்கவில்லை.

மூளையுறைக் காய்ச்சலை விளைக்கும் மெனிஞ்சோகாக்கஸ் ‘பி’ கிருமியின் செய்தி வேறு. அதன் போர்வைச் சர்க்கரை நம் நரம்புத் திசுக்களில் உள்ளதையே ஒத்திருக்கிறது. வீட்டுக்காரரின் வேட்டியை உடுத்து வரும் திருடனைக் கண்டு நாய் குரைக்குமா? எனவே, இத்தாலியில் ரினோ ராப்புவோலி குழுவினர் அக்கிருமியின் மரபு ஏட்டையே புரட்டினர். 22 இலட்சம் எழுத்துகளுக்கு மேற்பட்ட அவ்வேட்டைக் கணிப்பொறி ஆராய்ந்து, கிருமியின் வெளிப்புறத்தே இருக்கக்கூடிய ஏறத்தாழ 600 புரதங்களைப் பொறுக்கிக் கொடுத்தது. நோயெதிர்ப்புப் பொருள் தொடவல்லது வெளிப்புறத்தை மட்டுமே அன்றோ! அவற்றுள் 350 புரதங்களை ஆய்வுக்கூடத்தில் உருவாக்கி, எலிகளின் உடலில் செலுத்திப் பார்த்தனர். ஒரு சிலவே தேறின. 2000-இல் வெளியான இவ்வாராய்ச்சி ஐரோப்பாவில் இசைவு பெற்ற ஊசியாக வந்தது 2013-இல். பொறுக்குவது பொறியின் வேலை. ஒப்புக்கொள்ள வேண்டியது உடல். காலத்தை விழுங்குவது இரண்டாவதே என்பது நம் கருத்து.

மரபு ஏட்டைப் படிப்பதால் வேறொரு பயனும் உண்டு. 2016-இன் இறுதியில், பாகிஸ்தானின் சிந்து மாகாணத்திலும் ஐதராபாத் என்றே பெயர் கொண்ட நகரில், பல மருந்துகளுக்கு அடங்காத டைபாய்டு பரவிற்று. கிருமியின் ஏட்டைப் படித்ததில், மருந்தை வெல்லும் ஆற்றலை மற்றொரு வகைக் கிருமியிடமிருந்து அது பெற்றிருக்கக்கூடும் என்பது புலனாயிற்று. எனினும் போர்வையை அது கழற்றிவிடவில்லை. 2018-இல் அந்த ஐதராபாத்தின் குழந்தைகளுக்கு இடப்பட்டது இந்த ஐதராபாத்தின் ஊசியே.

ஆயின், டைபாய்டின் தம்பி எனத்தக்க பாராடைபாய்டு ‘ஏ’ கிருமிக்கு இப்போர்வையே இல்லை. அதற்கு வேறு அடையாளத்தைத்தான் தேட வேண்டும். அதுவரை, ஊசியிட்ட பிள்ளைக்கும் நீரைக் காய்ச்சியே கொடுத்து வருகிறோம்.