வினா விடை வகைகளும் கணக்கெடுப்பு முடிவுகளை வானொலி நேர்காணலாக வழங்கும் பயிற்சியும்: பாலாற்றுத் தோல்தொழில் வட்டாரத்தை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

பதின்பருவ மாணவர்கள் கணக்கெடுப்பு முடிவுகளை வானொலி நேர்காணல் வடிவில் எடுத்துரைப்பதற்கு, நன்னூல் கூறும் வினா விடை வகைகள் எவ்வாறு துணைசெய்கின்றன என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. வேலூர், ஆம்பூர் தோல்தொழில் வட்டாரம் தொடர்பாகப் பதிவான எண்கள் சான்றுகளாகக் கொள்ளப்படுகின்றன. எண்ணைச் சொல்லும் திறத்தைவிட, அந்த எண் எதைச் சொல்லவில்லை என்பதை மறுத்துரைக்கும் திறமே இப்பயிற்சியின் மையம் என இக்கட்டுரை நிறுவுகிறது.

திறவுச்சொற்கள்: நேர்காணல், வினா, விடை, நன்னூல், கணக்கெடுப்பு, பாலாறு

முன்னுரை

கணக்கெடுப்பு முடிவுகளைக் கட்டுரையாகவோ அட்டவணையாகவோ எழுதுவதே பள்ளிகளில் வழக்கம். அட்டவணையைப் படிப்பவர் தலைப்பையும் அடிக்குறிப்பையும் மீண்டும் பார்க்கலாம். வானொலி கேட்பவருக்கு அவ்வாய்ப்பு இல்லை. எந்த ஊர், எந்த ஆண்டு, எத்தனை பேர் என்பவை எண்ணோடு சேர்ந்து ஒலிக்காவிட்டால், எண் மட்டுமே செவியில் தங்கும். தோல் பதனிடும் தொழிலை நம்பி வாழும் குடும்பங்களும், அதன் கழிவுநீரால் நிலத்தை இழந்த குடும்பங்களும் அடுத்தடுத்து வாழும் பாலாற்றுப் படுகையில், அவ்வாறு தனித்து நிற்கும் எண் பெருந்தீங்கு விளைவிக்கும். மிகைப்படுத்தினால் பிழைப்புக்கு ஊறு. குறைத்துச் சொன்னால் இழப்புக்கு மறுப்பு.

சான்றுகளாகக் கொள்ளத்தக்க எண்கள்

வேலூர் குடிமக்கள் நலமன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டு 28 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, இப்பயிற்சிக்கு ஏற்ற மூலமாகும். தோல் பதனிடும் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் வேளாண் நிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்குத் தகுதியற்றதாகிவிட்டது என்ற, தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆய்வு மையத்தின் மதிப்பீட்டை அத்தீர்ப்பு எடுத்துக்காட்டுகிறது. தன்னார்வ அமைப்பு ஒன்றின் கணக்கெடுப்பையும் அது சுட்டுகிறது. 13 கிராமங்களில் குடிநீருக்கும் பாசனத்துக்கும் பயன்பட்ட 467 கிணறுகளில் 350 மாசடைந்திருந்தன என்பது அதன் முடிவு.

வழக்கின் பெயரில் வேலூர் இருப்பதால், அக்கிணறுகளும் வேலூரைச் சேர்ந்தவை என்று கொள்வது எளிது. ஆனால் அந்த 13 கிராமங்களும் திண்டுக்கல் பகுதியில் உள்ளவை. அவ்வாறே, 35,000 ஹெக்டேர் என்பதிலிருந்து 'பகுதியாகவோ' என்னும் ஒரு சொல்லை விட்டுவிட்டால் அம்மதிப்பீடே மாறிவிடும். நேர்காணல் பயிற்சி இத்தகைய நழுவல்களை வெளிக்கொணர வேண்டும்.

வினா வகைகளின் பயன்

அறிவினா, அறியாவினா, ஐயவினா, கொளல்வினா, கொடைவினா, ஏவல்வினா என வினா ஆறு வகைப்படும். தமிழ்நாடு அரசின் பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலில் இடம்பெறும் இப்பகுதி, பெரும்பாலும் தேர்வுக்குரிய பட்டியலாகவே கற்கப்படுகிறது. நேர்காணலில் இது செயல்வடிவம் பெறுகிறது. முன்பே ஆயத்தம் செய்த நேர்காணலில் வினவுபவர் விடையை அறிந்தவர். எனினும் அவர் ஆசிரியரைப் போல மாணவரைச் சோதிப்பதில்லை. அறியாத கேட்பவரின் இடத்தில் நின்று வினவுகிறார். அறிந்தவர் வாயில் அறியாவினா ஒலிக்கும் இந்நிலையை மாணவர் உணர்வதே பயிற்சியின் முதற்படி. பின்வரும் மாதிரி உரையாடல் இதனை விளக்கும்.

வினவுபவர்: கிணறுகளைப் பற்றிய அந்தக் கணக்கெடுப்பு என்ன கண்டது?

விடையளிப்பவர்: திண்டுக்கல் பகுதியின் 13 கிராமங்களில், நான்கில் மூன்று கிணறுகள் மாசடைந்திருந்தன.

வினவுபவர்: சில கிணறுகளை மட்டும் பார்த்தார்களா, நூற்றுக்கணக்கில் பார்த்தார்களா?

விடையளிப்பவர்: 467 கிணறுகளைப் பார்த்தார்கள். அவற்றில் 350 மாசடைந்தவை.

வினவுபவர்: அப்படியானால் இன்றைய ஆம்பூரிலும் இதே நிலைதானா?

விடையளிப்பவர்: இல்லை, இதைக்கொண்டு அப்படிச் சொல்ல முடியாது. இது ஆம்பூரில் எடுத்த கணக்கன்று. காலமும் 1996க்கு முந்தியது.

முதல் வினா அறியாவினா, இரண்டாவது ஐயவினா. மூன்றாவது வினா, கேட்பவர் மனத்தில் எழக்கூடிய தவறான முடிவையே வினாவாக்குகிறது. அதனைக் கேட்காத நேர்காணல் முழுமையுறாது.

விடை வகைகளும் வரம்புகளும்

எண்வகை விடைகளுள் சுட்டு, மறை, நேர் ஆகிய மூன்றும் வெளிப்படை விடைகள். ஏவல், வினா எதிர் வினாதல், உற்றது உரைத்தல், உறுவது கூறல், இனமொழி ஆகிய ஐந்தும் குறிப்பு விடைகள். கணக்கெடுப்பு முடிவைச் சொல்பவருக்கு வெளிப்படை விடைகளே உரியவை. ஆம்பூரைப் பற்றிக் கேட்டபோது திண்டுக்கல்லைப் பற்றி மட்டும் சொல்லி நிறுத்துவது இனமொழி விடையாகும். கேட்பவர் இரண்டையும் ஒன்றாகக் கொள்வார். இனி என்ன நேரும் என்று உரைப்பது உறுவது கூறலாகும். நடந்ததை மட்டுமே அளந்த கணக்கெடுப்பு அதற்கு இடந்தராது. மாணவர் பொதுவாகத் தயங்குவது மறை விடைக்கே. 'இல்லை' என்பது அறியாமையின் அடையாளமன்று, தரவின் எல்லையை அறிந்ததன் அடையாளம் என்பதை ஆசிரியர் வலியுறுத்த வேண்டும்.

எண்ணைப் பேச்சாக்குதல்

மேற்கண்ட தீர்ப்பின்படி அமைந்த இழப்பீட்டு ஆணையம், வேலூர் மாவட்டத்தில் பாதிக்கப்பட்ட 29,193 பேருக்கு 547 தோல் பதனிடும் ஆலைகள் ஏறத்தாழ 26.82 கோடி ரூபாய் வழங்க வேண்டும் என 2001இல் வரையறுத்தது. 'இருபத்தாறு கோடி' என்று மட்டும் ஒலித்தால் பெருந்தொகையாகத் தோன்றும். வகுத்துப் பார்த்தால் ஒருவருக்குச் சராசரியாகச் சுமார் 9,200 ரூபாய். அதுவும் சராசரியே, ஒவ்வொருவரும் பெறத்தக்க தொகை அன்று. 'ஒருவருக்கு எவ்வளவு?', 'எல்லோருக்கும் ஒரே அளவா?' என்னும் இரு வினாக்களும் அடுத்தடுத்து வரவேண்டும். மேலும், 2019இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிக்கப்பட்டபோது ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டத்தில் சேர்ந்தன. ஆதலால் 'வேலூர் மாவட்டம்' என்னும் சொல்லுக்கும் ஆண்டுக் குறிப்பு தேவை.

வகுப்பறை நடைமுறை

முதலில், யார், எங்கே, எப்போது, எத்தனை, எதைக் கேட்டனர், எதைக் கேட்கவில்லை என்னும் ஆறு குறிப்புகளை மாணவர் ஒரு தாளில் எழுதுதல் வேண்டும். பின்னர் இருவர் இருவராக நேர்காணலைக் கைப்பேசியில் பதிவுசெய்யலாம். இறுதியில், அத்தாளைப் பார்க்காத வேறொரு குழு பதிவை ஒருமுறை மட்டும் கேட்டுத் தான் உணர்ந்ததை எழுதும். இரண்டையும் ஒப்பிடுவதே மதிப்பீடு. குரல் வளமோ ஒலிப்பதிவின் தரமோ முதன்மையன்று.

மாணவர் தம் தெருவிலேயே கணக்கெடுப்பு நடத்தினால் கூடுதல் எச்சரிக்கை தேவை. 'கழிவுநீரால் எவ்வளவு பாதிக்கப்பட்டீர்கள்?' என்னும் வினா பாதிப்பை முன்னரே முடிவுசெய்துவிடுகிறது. 'உங்கள் கிணற்று நீரை எதற்குப் பயன்படுத்துகிறீர்கள்?' என்பது அவ்வாறன்று. சிற்றூரில், ஆலையில் வேலைசெய்யும் ஒருவரின் தெருவையும் பணியையும் சொன்னாலே அவர் யாரெனத் தெரிந்துவிடும். எனவே தனியாள் கூற்றுகளைத் தவிர்த்து, தொகுத்த முடிவுகளை மட்டுமே ஒலிபரப்புக்குக் கொள்வது தகும்.

முடிவுரை

பாலாற்றுப் படுகையில் எத்தனை பேர், எவ்வளவு நிலம் என்னும் எண்ணிக்கையே இழப்பீட்டுக்கு அடிப்படையாயிற்று. அத்தகைய எண்களைக் கேட்டு வளரும் தலைமுறை, அவற்றை அளவோடு சொல்லவும் அளவோடு மறுக்கவும் கற்க வேண்டும். அதற்கான கருவி தமிழ் இலக்கணப் பாடத்திலேயே உள்ளது. வினா விடை வகைகளை மனப்பாடப் பகுதியிலிருந்து நேர்காணல் பயிற்சிக்குக் கொண்டுவருவது மொழிக்கல்விக்கும் சமூக அறிவியல் கல்விக்கும் ஒருங்கே பயன்தரும்.