கல் எங்கே? குழி எங்கே?

ஆப்பிரிக்காவின் தென்பகுதிக்குச் சுற்றுலா செல்கிறவர்கள் எவற்றைப் பார்த்து வருகிறார்கள்? சிங்கமும் யானையும் திரியும் காடுகள், ஜாம்பியாவுக்கும் ஜிம்பாப்வேக்கும் இடையே பேரிரைச்சலோடு விழும் விக்டோரியா அருவி, கேப்டவுன் நகரின் மேசை மலை ஆகியவற்றைப் பார்க்கிறார்கள். படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறார்கள். அந்தப் பட்டியலில் பெரும்பாலும் இடம் பெறாத மூன்று இடங்களுக்கு இப்போது உங்களை அழைத்துச் செல்லப் போகிறேன்.

மூன்றும் வானத்திலிருந்து கல் விழுந்த இடங்கள். ஆனால் விந்தையைப் பாருங்கள். முதல் இடத்தில் கல் இருக்கிறது, குழி இல்லை. இரண்டாவது இடத்தில் குழி இருக்கிறது, கல் இல்லை. மூன்றாவது இடத்தில் கல்லும் இல்லை, குழி என்று சொல்லத்தக்க பள்ளமும் இல்லை. எனினும் மூன்றனுள் மிகப் பெரிய கல் விழுந்தது அங்கேதான்!

இது எப்படி? இந்தப் புதிரை விடுவிக்கப் பெரிய கணிதம் எதுவும் தேவையில்லை. உங்கள் பாடநூலில் உள்ள இயக்க ஆற்றல் வாய்பாடும், காற்றழுத்தம் பற்றிய பாடமுமே போதும். தாளும் பென்சிலும் எடுத்துக்கொண்டு புறப்படுங்கள்.

கலப்பை கண்ட இரும்பு

நமீபியா நாட்டின் வடபகுதியில் குரூட்ஃபொன்டைன் என்ற ஊர் இருக்கிறது. அதற்கு மேற்கே சுமார் 20 கிலோமீட்டர் தொலைவில் ஹோபா என்ற பண்ணை. 1920-ஆம் ஆண்டு அதன் உரிமையாளர் யாக்கோபஸ் பிரிட்ஸ் என்பவர் மாடு பூட்டி உழுதுகொண்டிருந்தார். திடீரென்று கலப்பை எதிலோ உரசிக் கிறீச்சிட்டு நின்றது. மண்ணைத் தோண்டிப் பார்த்தால் இரும்பு! ஒரு துண்டு அல்ல, ஒரு பெரிய பாளம்.

உலகில் இன்றுவரை கண்டறியப்பட்ட தனி விண்கற்களுள் மிகப் பெரியது அதுதான். ஏறத்தாழ 2.7 மீட்டர் நீளம், அதே அளவு அகலம், 0.9 மீட்டர் தடிப்பு. இந்த அளவுகளைப் பெருக்கிப் பாருங்கள். ஆறரைக் கன மீட்டர் வருகிறது. ஒரு கன மீட்டர் இரும்பின் நிறை சுமார் 7.9 டன். ஆகவே மொத்தம் 50 டன்னைத் தாண்டுகிறது. பக்கங்கள் ஒழுங்கற்றவை ஆதலால் இது தோராயக் கணக்கே. அறிஞர்களின் மதிப்பீடு சுமார் 60 டன். நூற்றுக்கு 84 பங்கு இரும்பு, 16 பங்கு நிக்கல், சிறிதளவு கோபால்ட். இது விழுந்து 80,000 ஆண்டுகளுக்கு மேல் ஆகியிராது என்று கணித்திருக்கிறார்கள். விழுந்த இடத்திலிருந்து யாரும் அதை நகர்த்தியதும் இல்லை.

இத்தனை பெரிய இரும்புப் பாளம் வானத்திலிருந்து விழுந்தால் பூமி பிளந்து பெரும் பள்ளம் ஏற்பட்டிருக்க வேண்டும் அல்லவா? ஆனால் அங்கே சுற்றிலும் சமதரையே இருக்கிறது. முதலில் சிறு பள்ளம் இருந்திருக்கலாம். பின்னர் மழையும் காற்றும் அதைத் தூர்த்திருக்கலாம். பெரும் பள்ளம் இருந்ததற்கு அடையாளம் இல்லை.

காற்று என்னும் காவலன்

விடை நம் தலைக்கு மேலேயே இருக்கிறது. கடல் மட்டத்தில் காற்றழுத்தம் சதுர மீட்டருக்குச் சுமார் ஒரு லட்சம் நியூட்டன். இதன் பொருள் என்ன? ஒவ்வொரு சதுர மீட்டர் தரையின் மேலும் சுமார் 10 டன் காற்று நிற்கிறது என்பதே. வானத்திலிருந்து வரும் கல் இந்தப் 10 டன் காற்றையும் தள்ளிக்கொண்டுதான் தரைக்கு வர வேண்டும். சாய்வாக வந்தால் கடக்க வேண்டிய காற்று இன்னும் அதிகம்.

இனி ஹோபா கல்லை எடுத்துக்கொள்வோம். அதன் தட்டையான பக்கத்தின் பரப்பு சுமார் 7.3 சதுர மீட்டர். 60 டன்னை 7.3-ஆல் வகுத்தால் ஒரு சதுர மீட்டருக்கு 8 டன்தான் வருகிறது. எதிரே நிற்கும் காற்றோ 10 டன்! தன்னைவிட அதிக நிறையுள்ள ஒன்றைத் தள்ளிக்கொண்டு போகும் பொருள் தன் வேகத்தில் பெரும்பகுதியை இழந்துவிடும் என்பதை நீங்கள் அறிவீர்கள்.

விண்வெளியிலிருந்து வரும் எந்தக் கல்லும் பூமியை நெருங்கும்போது வினாடிக்கு 11 கிலோமீட்டருக்குக் குறையாத வேகத்தில் வரும். ஹோபா கல்லும் அப்படித்தான் வந்திருக்க வேண்டும். ஆனால் அது தட்டையாகவும் சாய்வாகவும் வந்ததால், காற்றின் தடையில் வேகம் குறைந்து குறைந்து, கடைசியில் முற்றுத் திசைவேகத்தில் விழுந்திருக்கிறது. மழைத்துளி ஒரே சீரான வேகத்தில் விழுவதில்லையா, அதுபோலத்தான். இந்தக் கல்லுக்கு அந்த வேகம் வினாடிக்குச் சுமார் 300 மீட்டர்.

இந்த வேகத்தில் ஒரு கிலோகிராம் இரும்பின் இயக்க ஆற்றல் எவ்வளவு? நிறையில் பாதியை வேகத்தின் இருமடியால் பெருக்குங்கள்: 45,000 ஜூல். ஒரு கிலோகிராம் இரும்பை ஒரு பாகை செல்சியஸ் சூடாக்க 450 ஜூல் தேவை. ஆகவே மோதிய ஆற்றல் முழுவதும் வெப்பமாக மாறியிருந்தாலும் கல்லின் வெப்பநிலை 100 பாகைதான் கூடியிருக்கும். இரும்பு உருகுவதற்கு 1,500 பாகைக்கு மேல் வேண்டும். எனவேதான் கல் அழியாமல் தரையில் உட்கார்ந்துவிட்டது.

உப்பு விளைந்த குழி

அடுத்து நாம் செல்ல வேண்டியது தென்கிழக்குத் திசையில். போட்ஸ்வானா நாட்டைக் கடந்து தென் ஆப்பிரிக்கக் குடியரசுக்குள் நுழைகிறோம். பிரிட்டோரியா நகருக்கு வடமேற்கே சுமார் 40 கிலோமீட்டர் தொலைவில் ஸ்வைங் என்ற இடம் இருக்கிறது. ஸ்வானா மொழியில் இதற்கு ‘உப்பின் இடம்’ என்று பொருள்.

முட்புதர்க் காட்டில் ஒரு மேட்டின் மீது ஏறுகிறீர்கள். உச்சியை அடைந்ததும் காலடியில் வட்டவடிவமான பெரும் பள்ளம் தெரிகிறது. விளிம்புக்கு விளிம்பு 1.13 கிலோமீட்டர். நடுவில் ஆழமில்லாத ஏரி. மழைநீரும் ஊற்றுநீரும் உள்ளே வந்து சேர்கின்றன, வெளியேற வழியில்லை. வெயிலில் நீர் ஆவியாக, கரைந்திருந்த உப்பும் சோடாவும் தங்கிவிடுகின்றன. கற்கால மனிதர் முதல் பலரும் இங்கே வந்திருக்கிறார்கள். 1912 முதல் 1956 வரை இங்கிருந்து சோடாவும் உப்பும் வணிக முறையில் எடுக்கப்பட்டன.

இது அவிந்துபோன எரிமலையின் வாய் என்றே பலர் நெடுங்காலம் நம்பினார்கள். விண்கல் விழுந்த இடமென்றால் கல் எங்கே என்பது அவர்கள் கேள்வி. நியாயமான கேள்விதானே! 1988-ஆம் ஆண்டு வாக்கில் ஏரியின் நடுவே ஆழ்துளை இட்டுப் பார்த்தார்கள். முதல் 90 மீட்டர் வரை ஏரியில் படிந்த சேறு வந்தது. அதற்குக் கீழே எரிமலைக் குழம்பு வந்த குழாய் எதுவும் இல்லை. நொறுங்கிப்போன கருங்கல்லே கிடைத்தது. அதிலிருந்த குவார்ட்ஸ் மணிகளை நுண்ணோக்கியில் பார்த்தபோது, மிக நெருக்கமான இணைகோடுகள் தென்பட்டன. இத்தகைய கோடுகள் எரிமலையில் உண்டாவதில்லை. பேரதிர்ச்சி தாக்கினால் மட்டுமே உண்டாகும். வழக்கு முடிந்தது.

இந்தக் குழியை உண்டாக்கியது 30 முதல் 50 மீட்டர் வரை குறுக்களவுள்ள ஒரு கல். விழுந்தது சுமார் 2,20,000 ஆண்டுகளுக்கு முன்பு. முன்போலவே கணக்குப் போடுவோம். 40 மீட்டர் விட்டமுள்ள கற்கோளம் என்று கொண்டால், சதுர மீட்டருக்குச் சுமார் 88 டன் நிறை வருகிறது. 10 டன் காற்று அதை என்ன செய்ய முடியும்? வந்த வேகத்தில் பெரும்பகுதி குறையாமலே கல் தரையைத் தாக்கியிருக்கிறது.

அந்த வேகம் வினாடிக்கு 15 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஹோபா கல்லின் வேகத்தைப் போல் இது 50 மடங்கு. ஆற்றலோ வேகத்தின் இருமடிக்கு ஏற்பப் பெருகும். ஆகவே கிலோகிராமுக்கு 2,500 மடங்கு! ஒரு கிலோகிராமுக்கு 11 கோடி ஜூலுக்கு மேல் வருகிறது. ஒரு கிலோகிராம் டி.என்.டி. வெடிமருந்து தருவது 42 லட்சம் ஜூல். அதாவது வந்த கல் ஒவ்வொரு கிலோகிராமும் 27 கிலோகிராம் வெடிமருந்துக்குச் சமம். ஒரு கிலோகிராம் இரும்பை உருக்கி, கொதிக்க வைத்து, முழுவதும் ஆவியாக்குவதற்கே 80 லட்சம் ஜூல் போதும். கல் எங்கே என்ற கேள்விக்கு இதுவே விடை. பெரும்பகுதி ஆவியாகவும் துளிகளாகவும் சிதறிப் போய்விட்டது. உடைந்த பாறையோடு கலந்து நின்ற இரிடியம் போன்ற உலோகங்களின் மிக நுண்ணிய எச்சமே இன்று சாட்சி.

நம் நாட்டில் மகாராஷ்டிர மாநிலத்திலுள்ள லோணார் ஏரியும் இப்படி உண்டானதே. அதன் குறுக்களவு சுமார் 1.8 கிலோமீட்டர். அதன் நீரும் உப்பும் காரமும் கலந்தது என்பதைக் கவனியுங்கள்.

குழியே மலையான இடம்

மூன்றாவது இடத்துக்கு இன்னும் தெற்கே போக வேண்டும். ஜோகன்னஸ்பர்க் நகருக்குத் தென்மேற்கே சுமார் 120 கிலோமீட்டரில் வால் ஆறு ஓடுகிறது. பாரிஸ், விரெடஃபோர்ட் என்ற சிற்றூர்கள் அருகில் உள்ளன. ஆற்றின் இருபுறமும் வில்போல வளைந்த குன்றுவரிசைகள். நடுவில் வயல்களும் மேய்ச்சல் நிலங்களும். இங்கே நின்று பார்க்கிறவருக்கு அழகான ஆற்றோர நிலம் என்றுதான் தோன்றும். தாம் உலகில் உறுதி செய்யப்பட்ட விண்கல் மோதல்களுள் மிகப் பெரியதன் நடுவில் நிற்கிறோம் என்று தோன்றாது.

மோதல் நடந்தது சுமார் 202 கோடி ஆண்டுகளுக்கு முன்பு. வந்த கல்லின் குறுக்களவு 10 கிலோமீட்டருக்குக் குறையாது. அதைப் போல் இரு மடங்கு இருக்கலாம் என்று அண்மைக் கணிப்புகள் கூறுகின்றன. முன்போலவே வகுத்துப் பார்த்தால் சதுர மீட்டருக்கு 20,000 டன்! அதற்குக் காற்று இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். அது தோண்டிய பள்ளத்தின் அகலம் 250 முதல் 300 கிலோமீட்டர். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் பேருந்து அதைக் குறுக்கே கடக்க ஐந்தாறு மணி நேரம் பிடிக்கும்.

அத்தனை பெரிய பள்ளம் எங்கே போயிற்று? ஒரு கிண்ணத்து நீரில் ஒரு துளி விழுவதை உற்றுப் பாருங்கள். முதலில் குழி விழுகிறது. உடனே நடுவிலிருந்து நீர் தூண்போல் எழும்புகிறது. பேரதிர்ச்சியில் பாறையும் ஒரு கணம் நீர்போல நடந்துகொண்டது. ஆழத்திலிருந்த பாறை நடுவில் பொங்கி எழுந்து அப்படியே நின்றுவிட்டது. பிறகு 200 கோடி ஆண்டுகளில் மழையும் ஆறும் பல கிலோமீட்டர் கனமுள்ள பாறையை மேலிருந்து அரித்துக்கொண்டு போய்விட்டன. பள்ளத்தின் சுவரும் தரையும் போயின. நடுவில் எழுந்த தூணின் அடிவேர் மட்டும் எஞ்சியது. இன்று நாம் காணும் குன்றுகள் அந்த வேரைச் சுற்றிச் செங்குத்தாக நிமிர்த்தப்பட்ட பாறை அடுக்குகளே. சில இடங்களில் அடுக்குகள் தலைகீழாகவே கவிழ்ந்து கிடக்கின்றன.

இதையும் உள்ளிருந்து வெடித்ததாகக் கருதியவர்கள் இருந்தார்கள். 1961-இல் ராபர்ட் டீட்ஸ் என்ற அமெரிக்க அறிஞர் இது விண்கல்லின் வேலை என வாதிட்டார். கூம்பு வடிவில், விசிறிக் கோடுகளோடு பிளந்த பாறைகள் அங்கே கிடைத்தன. அதிர்ச்சி அலை பாறையின் ஊடே பாயும்போது இத்தகைய உடைவுக் கூம்புகள் உண்டாகின்றன. 1978-இல் கோயசைட், ஸ்டிஷோவைட் என்னும் கனிமங்களும் அங்கே கண்டறியப்பட்டன. இரண்டும் மிகுந்த அழுத்தத்தில் நெருங்கிப்போன சிலிக்காவின் வடிவங்கள்.

காந்தியடிகளின் வரலாற்றில் ஜோகன்னஸ்பர்க் நகரின் பெயரைப் படித்திருப்பீர்கள். 1886-இல் தங்கம் கண்டெடுக்கப்பட்டதால் எழுந்த நகரம் அது. அந்தத் தங்க அடுக்குகள் மோதலுக்கு முன்பே உண்டானவை. மோதல் அவற்றை வளைத்துக் கீழே புதைத்தது. அதனால்தான் அவை அரிப்பில் கரைந்து போகாமல் தப்பின என்பது நிலவியலார் கருத்து.

கை வைக்காதீர்கள்!

எழுத்துச் சாட்சி எதுவும் இல்லாத நிகழ்ச்சிகள் இவை. பாறையே ஏடு. அந்த ஏட்டைக் கிழிப்பவர்களும் உண்டு. ஹோபா கல் கிடைத்தபோது அதன் நிறையை 66 டன் என மதிப்பிட்டார்கள். இன்று சொல்வது 60 டன். துரு தின்றது ஒரு பங்கு. ஆய்வுக்கு அறுத்தது ஒரு பங்கு. நினைவுப் பொருளாக வெட்டிச் சென்றது ஒரு பங்கு. 1955-இல் அதைத் தேசியச் சின்னமாக அறிவித்த பிறகும் வெட்டுவது நிற்கவில்லை. 1987-இல் பண்ணை உரிமையாளர் கல்லையும் இடத்தையும் அரசுக்குக் கொடுத்த பின்னரே முறையான காவல் அமைந்தது. விரெடஃபோர்ட் 2005-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று. ஆனால் அங்குள்ள உடைவுக் கூம்பு ஒன்று உங்கள் உள்ளங்கையில் அடங்கிவிடும். அதை எடுத்துப் பைக்குள் போட்டால் மேசை மேல் வைக்க ஓர் அழகான கல் கிடைக்கும். ஆனால் எந்தப் பாறையில், எந்தத் திசை நோக்கி இருந்தது என்ற செய்தி போய்விடும். அதிர்ச்சி எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்வதே அந்தத் திசைதான்.

செய்து பாருங்கள்

அகன்ற தட்டில் மணலைப் பரப்பி, ஒரு மீட்டர் உயரத்திலிருந்து கோலிக்குண்டைப் போடுங்கள். தரையைத் தொடும்போது அதன் வேகம் வினாடிக்குச் சுமார் 4.4 மீட்டர். குழி விழும், கோலியும் அதற்குள்ளேயே இருக்கும். இது ஹோபாவின் தம்பி! பிறகு கோலியைச் சாய்வாக எறிந்து பாருங்கள். குழி நீளவாக்கில் விழும். ஆனால் ஸ்வைங் குழியும், நிலவின் முகத்திலுள்ள குழிகளில் மிகப் பலவும் வட்டமாகவே இருக்கின்றன. விண்கற்கள் எல்லாம் செங்குத்தாகவா விழுந்திருக்கும்? இல்லை. பின் ஏன் வட்டம்? ஒரு கிலோகிராம் கல்லுக்கு எவ்வளவு வெடிமருந்து சமம் என்று மேலே கணக்கிட்டோமே, அதை மறுபடி பாருங்கள். விடை அங்கே இருக்கிறது.