காக்கா ஆழியைத் தின்பவை

எண்ணூர் கழிமுகத்திலும் பழவேற்காட்டுப் பகுதியிலும் சேற்றை மூடிப் பரவியிருக்கும் காக்கா ஆழி இந்த மண்ணின் சிப்பி அல்ல. மத்திய, தென் அமெரிக்கக் கரைகள்தாம் அதன் பிறப்பிடம். கப்பல்கள் சமநிலைக்காகத் தொட்டிகளில் ஏற்றிவரும் நீரோடு அது கடல் கடந்திருக்க வேண்டும் என்று கருதப்படுகிறது. உப்பு மிகக் குறைந்த நீரையும் கடல்நீரையும் அது தாங்கும் என்பதால், ஆறும் கடலும் கலக்கும் கொசஸ்தலையாற்று முகத்துவாரம் அதற்கு வாய்த்த இடமாயிற்று. சேற்றைக் கையால் தடவி இறால் பிடித்தவர்களின் பிழைப்பை அது பறித்துவிட்டது. இவ்வளவு பெருகியதைத் தின்ன எதுவுமே இல்லையா என்ற கேள்வி எழுவது இயல்பு.

ஒப்பிட்டுப் பார்க்க நாட்டுச் சிப்பியை எடுத்துக்கொள்வோம். தமிழக நீர்நிலைகளுக்குரிய நன்னீர்ச் சிப்பி சேற்றில் பாதி புதைந்து வாழ்வது. அதன் இளவுயிர் ஏதாவதொரு மீனின் செவுளிலோ துடுப்பிலோ சில காலம் ஒட்டி வளர்ந்தால்தான் சிப்பியாகும். நத்தைகுத்தி நாரையும் நீர்நாயும் அதைத் தின்றாலும் பிறப்பும் இழப்பும் ஒருவாறு ஈடாகிவிடும். வந்தேறிச் சிப்பிக்கு மீனின் தயவு வேண்டாம். அதன் இளவுயிர் நீரில் தானே மிதந்து, கண்ட பொருளில் நூலிழைகளால் ஒட்டிக்கொள்ளும். பின்னர் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கடுக்காய் ஏறும். எத்தனை வாய்கள் தின்றாலும் குறையாத பெருக்கம் அது.

வந்தேறிச் சிப்பிகளைத் தின்பவை பற்றி வட அமெரிக்காவில் நீண்டகாலம் ஆராய்ந்திருக்கிறார்கள். கருங்கடல், காஸ்பியன் பகுதிகளைச் சேர்ந்த வரிக்குதிரைச் சிப்பி 1988இல் அங்குள்ள பேரேரிகளின் நடுவே செயின்ட் கிளேர் ஏரியில் கண்டுபிடிக்கப்பட்டது. ஒரு பெண் சிப்பி ஆண்டுக்குப் பத்து லட்சம் முட்டை வரை இடக்கூடியது. முக்குளிக்கும் வாத்துகள் வலசை வழியில் இந்தச் சிப்பிக்காகவே கூட்டம் கூட்டமாக இறங்கத் தொடங்கின. தொண்டைப் பற்களால் ஓட்டை நொறுக்கும் மீன்களும் தின்றன. ஆனாலும் ஏரி நிறையச் சிப்பி இருந்தது.

ஹட்சன் ஆற்றில் நடந்ததே கவனிக்கத் தக்கது. 1991இல் அங்கு வந்த இச்சிப்பிகளில் முதிர்ந்தவை பின்னர் ஓராண்டு பிழைப்பதே அரிதாயிற்று. கடலிலிருந்து ஆற்றில் ஏறிவரும் நீல நண்டு அதற்கு முக்கியக் காரணம் என ஆய்வாளர்கள் கருதுகின்றனர். சிப்பி அழியவில்லை. ஆண்டுதோறும் குஞ்சுகள் வந்துகொண்டே இருந்தன. ஆனால் ஆற்றில் எஞ்சியவை சிறியவை. பெரியவற்றைப் போல நீரை வடிகட்டி மிதவையுயிர்களை விழுங்க அவற்றால் இயலாது. அந்த இடைவெளியில், அழிவின் விளிம்புக்குப் போன நாட்டுச் சிப்பிகள் ஓரளவு மீண்டன. தின்பவை ஒழிப்பதில்லை, ஒடுக்குகின்றன. அதுவே பெரிய உதவி.

தின்பதற்கும் விலை உண்டு. சிப்பி நீரை வடிகட்டும்போது நச்சையும் சேர்த்து வைக்கிறது; அதைத் தின்ற வாத்துகளின் உடலில் செலினியம் கூடியது. கருங்கடல் பக்கத்திலிருந்தே 1990இல் வந்த உருண்டைக் கோபி மீன் சிப்பியைத் தின்ன, அம்மீனைத் தின்ற பறவைகள் 1999 முதல் பாட்டுலிச நஞ்சால் பெருமளவில் மடிந்தன. சிப்பியும் கோபியும் சேர்ந்தே அந்த நஞ்சைப் பறவைகளிடம் கடத்துவதாகக் கருதப்படுகிறது.

தின்னும் உயிரை வெளியிலிருந்து இறக்கலாம் என்ற யோசனை ஆபத்தானது. மீன் பண்ணைகளில் நத்தையைக் கட்டுப்படுத்த அமெரிக்கா கொண்டுவந்த ஆசியக் கருங்கெண்டை தப்பி ஆறுகளில் சேர்ந்து, இப்போது அருகிவரும் நாட்டுச் சிப்பிகளையே அச்சுறுத்துகிறது. ஆஸ்திரேலியாவின் டார்வின் துறையில் 1999இல் ஓர் அந்நியச் சிப்பியைக் குளோரினும் செப்புச் சல்பேட்டும் இட்டு ஒழிக்க முடிந்தது. அது மதகிட்டு மூடக்கூடிய படகுத்துறை. எண்ணூரில் நீர் ஓதத்தோடு ஓடிக்கொண்டிருக்கிறது, மருந்திட்டால் இறாலும் நண்டும் சேர்ந்தே சாகும். சிப்பியோட்டை உடைத்துத் தின்னும் களி நண்டு இங்கு ஏற்கெனவே இருக்கிறது. அலையாத்திக் காட்டின் சேற்றில் வளை தோண்டி வாழும் அதற்கு அனல்மின் நிலையச் சாம்பற்கழிவு படியாத சேறும், குஞ்சுப் பருவத்தில் பிடிபடாத பாதுகாப்பும் வேண்டும். அத்துடன் ஆழிப் படுகைகளை வாரி அப்புறப்படுத்தும் வேலையும் ஆண்டுதோறும் நடந்தாக வேண்டும்.