சாரன் சொல்லாத அளவு

காற்சட்டை போடுகிறவருக்கு வயிறு பெருத்தால் பொத்தானே சொல்லிவிடும். சாரன் சொல்லாது. நாலு அங்குலம் கூடினாலும் மடிப்பைக் கொஞ்சம் தளர்த்திச் செருகினால் அதே சாரன் போதும். மருதமுனைத் தறியில் நெய்த சாரனை வீட்டிலும் பள்ளியிலும் கடைத்தெருவிலும் உடுத்தித் திரிகிற நமக்கு, இடுப்பு எப்போது பெருத்தது என்பது தெரியவே வருடக்கணக்கு ஆகிறது. பெண்களின் அபாயாவும் அப்படித்தான்.

அதற்கு மேல், "உடம்பு வச்சிருக்கு" என்பது கல்முனைப் பக்கம் பாராட்டு. சென்ற வருடம் நான் மூன்று கிலோ குறைந்தபோது மாமி கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "என்ன மகன், இப்படி மெலிஞ்சி பெய்த்தீங்க? சுகமில்லையா?" அவர் கண்ணில் இருந்தது உண்மையான கவலை. பஞ்சத்தையும் காய்ச்சலையும் கண்ட தலைமுறைக்கு மெலிவுதான் நோயின் முதல் அடையாளம். இன்று நம் வீடுகளுக்குள் வந்திருக்கும் சீனி வருத்தமோ, அதாவது நீரிழிவோ, தொடக்கத்தில் பெரும்பாலானோரை மெலிய வைப்பதில்லை.

அப்படியானால் ஒருவரின் உயரத்துக்கு எவ்வளவு நிறை சரி? சென்டிமீற்றர் உயரத்தில் நூறைக் கழித்தால் வருவது கிலோ என்பது பலர் மனதில் உள்ள கணக்கு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிரெஞ்சு அறுவை மருத்துவர் பால் புரோக்காவின் பெயரால் வழங்குவது அது. அவசரத்துக்கு உதவும். ஆனால் உயரமானவர்களுக்குத் தாராளமாக அள்ளிக் கொடுத்துவிடும். ஒரே ஒரு எண்ணைச் சொல்லி, அதுதான் இலக்கு என்று நம்பவும் வைக்கும். உடம்பு அப்படி ஒரு புள்ளியில் நிற்பதில்லை. அதற்கு ஒரு வீச்சு உண்டு.

அந்த வீச்சைத் தருவது உடற்திணிவுச் சுட்டெண், அதாவது பி.எம்.ஐ. கிலோ நிறையை, மீற்றரில் அளந்த உயரத்தின் வர்க்கத்தால் வகுக்க வேண்டும். என் உயரம் 5 அடி 3 அங்குலம், 1.6 மீற்றர். அதன் வர்க்கம் 2.56. உலக சுகாதார நிறுவனத்தின் பொதுவான எல்லைப்படி 18.5 முதல் 25க்குள் இருப்பது ஆரோக்கியம். இரண்டையும் 2.56ஆல் பெருக்கினால், என் உயரத்துக்கு 47 கிலோவிலிருந்து 64 கிலோ வரை இடமிருக்கிறது. மெலிவதற்கு முன் நான் 63 கிலோ. சுட்டெண் 24.6. அட்டவணையைப் பார்த்து நிம்மதியாக இருந்தேன்.

அந்த நிம்மதி சரிதானா என்று பார்க்க, இந்தக் கணக்கு எங்கே பிறந்தது என்று தெரிந்துகொள்ள வேண்டும். இதைத் தந்த அடோல்ப் கெட்லே மருத்துவர் இல்லை. பெல்ஜியத்து வானியலாளர், புள்ளிவிபரவியலாளர். ஒரு பெட்டியை எல்லாப் பக்கமும் இரு மடங்காக்கினால் நிறை எட்டு மடங்காகும். மனிதர் அப்படி வளர்வதில்லை; உயரமானவர் குள்ளமானவரின் பெருக்கிய பிரதி அல்லர். வளர்ந்தவர்களில் நிறை ஏறக்குறைய உயரத்தின் வர்க்கத்தோடு கூடுகிறது என்று 1830களில் அவர் கண்டார். "சராசரி மனிதன்" எப்படி இருப்பான் என்பதே அவருடைய தேடல். யாருக்கு நோய் வரும் என்பதை அவர் கேட்கவில்லை. 1972இல் அமெரிக்க ஆய்வாளர் அன்செல் கீஸ் ஐந்து நாடுகளின் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்களை வைத்துச் சோதித்து, இதற்கு இன்றைய பெயரைக் கொடுத்தார். அந்த ஐந்தில் நம் தெற்காசியா இல்லை.

இல்லாததன் விளைவை ஒரே புகைப்படத்தில் காட்டியவர் புனே மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக். 2004இல் லான்செட் இதழில் அவரும் லண்டன் மருத்துவர் ஜோன் யுட்கினும் அருகருகே நிற்கும் படம் வெளிவந்தது. இருவருக்கும் சுட்டெண் 22.3. யுட்கின் உடலில் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக் உடலில் 21.2. நம் பிராந்தியத்தவரின் உடம்பில் தசை குறைவு, கொழுப்பு கூட. அதுவும் தோலுக்கடியில் மட்டும் தங்காமல் வயிற்றுக்குள் ஈரலைச் சுற்றிச் சேர்கிறது. அங்கே சேரும் கொழுப்பு இன்சுலினின் வேலையைக் கெடுக்கிறது.

அதே ஆண்டு உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு, ஆசியர்களுக்கு 23ஐ எட்டும்போதே கவனம் தேவை, 27.5இல் ஆபத்து அதிகம் என்றது. என் கணக்கை மறுபடி போட்டேன்: 23 × 2.56 = 58.9. நிம்மதி தந்த 63 கிலோ நாலு கிலோ கூட. மாமி கண்ட மெலிவுக்குப் பிறகும் ஒரு கிலோ மிச்சம்.

இந்தக் கிலோக் கணக்கு ஏன் முக்கியம்? இலங்கையில் 2005, 2006இல் நடந்த பெரிய ஆய்வு ஒன்று, வளர்ந்தவர்களில் பத்தில் ஒருவருக்கு நீரிழிவு என்று கண்டது. யுத்தத்தால் வடக்கும் கிழக்கும் அதில் சேரவில்லை. நம் ஊர்கள் எண்ணப்படாமல் போனது எனக்கு இன்றும் உறுத்துகிறது.

ஆனாலும் சுட்டெண்ணை எல்லோருக்கும் போடக்கூடாது. கருவுற்ற தாய்மாருக்கு இந்த வீச்சு பொருந்தாது. பிள்ளைகளுக்குக் கிளினிக் கார்ட்டின் வளைகோடுதான் அளவு. கரைவலை இழுத்து இறுகிய உடம்புக்காரர் ஒருவருக்கு 25 வந்தாலும் அது தசையாக இருக்கலாம். கல்லாவில் காலை முதல் இரவு வரை அமர்ந்திருக்கும் முதலாளிக்கு 23 வந்தாலே வயிறு முன்னால் நிற்கலாம். எண் இருவரையும் பிரித்துக் காட்டாது.

பிரித்துக் காட்டுவது தையல்காரரின் நாடா. தெற்காசிய ஆண்களுக்கு இடுப்பு 90 சென்டிமீற்றருக்குள், பெண்களுக்கு 80க்குள் இருக்க வேண்டும். உயரத்தில் பாதியைத் தாண்டாமல் இருந்தால் இன்னும் நல்லது.

காலையில், சாப்பிடுவதற்கு முன் அளக்க வேண்டும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே நாடாவைச் சுற்றி, மூச்சை இயல்பாக விட்டபின் பார்க்க வேண்டும். வயிற்றை உள்ளே இழுக்கக்கூடாது. சாரன் மடிப்புக்கு மேலே வைத்தால் அளவு பொய்யாகிவிடும். மடிப்பை அவிழ்த்து இறக்கிவிட்டு, வெறும் தோலில் அளந்து பாருங்கள்.