தலைக்கு ஒரு கம்பளி
(மூன்றாம் ஆண்டு, இயற்பியல்)

'தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று' என்பது பழமொழி. தலைப்பாகை வாளை மட்டுமல்ல, வாடையையும் தடுக்கும் என்பது இக்கட்டுரையின் பொருள். "தூத்துக்குடிக் கடற்கரையில் பிறந்தவன் கம்பளிக் குல்லாயைப் பற்றி எழுதுகிறானே! உப்பளத்துக்காரனுக்கு உறைபனியைப் பற்றி என்ன தெரியும்?" என்று நண்பர்கள் நகைப்பது என் காதில் விழாமல் இல்லை. சென்ற ஆண்டு கல்விச் சுற்றுலாவாகக் கொடைக்கானல் சென்றபோது, அப்படி நகைத்த அதே நண்பர்கள்தான் ஏரிக்கரைக் கடைகளில் முண்டியடித்துக்கொண்டு குல்லாய் வாங்கினார்கள். வாங்கியவற்றில் பாதி பயன்படவில்லை. அது ஏன் என்று யோசித்ததில் பிறந்ததே இக்கட்டுரை.

முதலில் எங்கள் ஊரிலிருந்தே தொடங்குகிறேன். தாமிரபரணி கடலோடு கலக்கும் இடம் புன்னைக்காயல். மார்கழி, தை மாதங்களிலும் இரவு வெப்பநிலை 20 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்குவது அரிது. வெப்பமானியைப் பார்த்தால் இது குளிரே அல்ல. ஆயினும் அம்மாதங்களில் கடற்கரையிலோ, மொட்டை மாடியிலோ, வள்ளத்திலோ தலையில் துண்டு கட்டாமல் படுப்பவரை எங்கள் ஊரில் காண முடியாது. வெப்பமானி காட்டாத ஏதோ ஒன்று அங்கே தலையைத் தாக்குகிறது. அது காற்றும் ஈரமும் திறந்த வானமும் சேர்ந்த கூட்டு.

இதை நான் பாடப்புத்தகத்தில் படிக்கும் முன்பே அனுபவத்தில் கற்றேன். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் எங்கள் பகுதியில் பெய்த மழையை யாரும் மறந்திருக்க முடியாது. பக்கத்திலுள்ள காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தாமிரபரணி பெருகி வந்து புன்னைக்காயலைச் சூழ்ந்தது. நாங்கள் உறவினர் வீட்டு மாடியில் ஒதுங்கினோம். மின்சாரம் இல்லை. மாற்றுத் துணியும் போதவில்லை. குளிர்காலம் என்று சொல்லத் தகாத வெப்பநிலைதான். ஆனாலும் பல் கிட்டியது. நான் நனைந்த துண்டையே பிழிந்து தலையில் இறுகக் கட்டிக்கொண்டு சுருண்டு படுத்தேன். ஆச்சி எழுந்து வந்து அதை உருவி எறிந்தாள். "ஏலே, மொதல்ல தலயத் துவட்டு. ஈரத்துண்டு கட்டுனா குளிரு போகுமாக்கும்" என்று அதட்டிவிட்டு, தன் சேலை முந்தானையின் காய்ந்த பகுதியால் என் தலையை அழுத்தித் துவட்டினாள். பிறகு வெறுந்தலையாகவே படுக்கச் சொன்னாள். சற்று நேரத்தில் நடுக்கம் குறைந்தது.

ஆச்சிக்கு இயற்பியல் தெரியாது. ஆனால் அவள் செய்தது இயற்பியல்தான். குல்லாயோ, துண்டோ, கம்பளியோ தானாகச் சூட்டை உண்டாக்குவதில்லை. சூட்டை உண்டாக்குவது நம் உடல். துணி செய்யும் வேலை ஒன்றே ஒன்று: தன் இழைகளுக்கு நடுவே காற்றை அசையவிடாமல் பிடித்து வைப்பது. அசையாத காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. தண்ணீரோ காற்றைப்போல் ஏறத்தாழ 25 மடங்கு கடத்தும். துணி நனைந்ததும் காற்று இருந்த இடத்தில் தண்ணீர் புகுந்துகொள்கிறது. அதோடு, அந்த ஈரம் ஆவியாகும்போது கிராம் ஒன்றுக்கு ஏறத்தாழ 580 கலோரி வெப்பத்தைத் தோலிலிருந்தும் சுற்றுப்புறத்திலிருந்தும் பறித்துச் செல்கிறது. மண்பானைத் தண்ணீர் குளிரும் அதே முறையில் நம் மண்டையும் குளிர்கிறது. ஈரத்துண்டைவிட வெறுந்தலை மேல்.

இங்கே உப்பைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கடல்நீரில் நனைந்த துண்டை வெயிலில் உலர்த்தினால் மொடமொடவென்று காய்ந்துவிடும். இரவில் அதையே எடுத்துக் கட்டினால் ஈரமாக இருக்கும். "பனி இறங்கிட்டு" என்பார்கள். உண்மையில் அது உப்பு செய்யும் வேலை. காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் சோற்றுப்பு காற்றிலுள்ள நீராவியை இழுத்துத் தானே கரையத் தொடங்குகிறது. கடலுப்பிலுள்ள மக்னீசியம் குளோரைடு அதற்கும் முன்னதாகவே கரையும். கடற்கரை இரவுகளில் ஈரப்பதம் அந்த அளவைத் தாண்டுவது வழக்கம். ஆகவே கடலுக்குப் போய்வந்த துண்டை நல்ல தண்ணீரில் அலசிக் காயவைத்தால்தான் இரவுக்கு உதவும். மாலையில் அடுப்படியில் உப்புச் சாடி கசிவதைப் பார்த்திருக்கும் எந்தப் பெண்ணும் இதை உடனே ஒப்புக்கொள்வாள்.

இனி வானம். மேகமற்ற இரவில் திறந்த வெளியில் படுத்திருப்பவரின் தலை, தன் வெப்பத்தைக் கதிர்வீச்சாக மேல் நோக்கி அனுப்பிக்கொண்டே இருக்கிறது. தெளிந்த வானம் காற்றைவிடக் குளிர்ந்த பொருளைப்போல நடந்துகொள்வதால், அங்கிருந்து திரும்பி வருவது குறைவு. இதனால்தான் புல்லும் படகின் பலகையும் சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்து, அவற்றின்மேல் பனித்துளி படிகிறது. ஓலைப்பந்தலின் கீழ் படுத்தால் பனி விழுவதில்லை என்பதற்கும் காரணம் இதுவே. பந்தல் பனியைத் தடுத்து நிறுத்தவில்லை. வானத்தை மறைத்து விடுகிறது. எனவே மொட்டை மாடியில் உறங்குவோருக்கு எந்தக் குல்லாயையும்விட நாலு முழம் கீற்று நல்லது.

தலையைப் பற்றி ஒரு தவறான கருத்து நெடுங்காலமாக உலவுகிறது. உடல் இழக்கும் வெப்பத்தில் பாதி தலை வழியாகவே போகிறது என்பார்கள். 1970-இல் வெளிவந்த அமெரிக்க இராணுவக் கையேடு ஒன்று 40 முதல் 45 விழுக்காடு என்றே எழுதிவிட்டது. உடல் முழுவதும் துருவப் பகுதி உடையால் மூடி, தலையை மட்டும் திறந்துவிட்டு அளந்தால் வேறு எப்படி வரும்? பிற்கால ஆய்வுகள் வளர்ந்த மனிதனில் தலையின் பங்கு நூற்றுக்கு ஏழிலிருந்து பத்து வரைதான் என்று காட்டின. 2008-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழும் பழைய கருத்து தவறென்று எழுதியது.

அப்படியானால் குல்லாய் தேவையில்லையா? அவசரப்பட வேண்டாம். உறங்கும்போது நாம் ஏறக்குறைய அந்த இராணுவ வீரர்களைப் போலத்தான் கிடக்கிறோம். கழுத்து வரை போர்வை, வெளியே இருப்பது தலை மட்டும். மேலும், குளிர் பட்டால் கைவிரல்களின் இரத்தக் குழாய்கள் சுருங்கி வெப்பத்தைச் சேமிக்கின்றன. தலையின் குழாய்கள் அந்த அளவுக்குச் சுருங்குவதில்லை. உறக்கத்திலும் ஒரு சங்கடம் இருக்கிறது. விடியலுக்கு முந்தைய ஓரிரு மணி நேரத்தில் உடலின் உள்வெப்பம் மிகக் கீழே இறங்குகிறது. கனவுறக்கம் அதிகம் வருவதும் அப்போதுதான். கனவுறக்கத்தில் உடல் நடுங்கிச் சூடேற்றிக்கொள்ளும் ஆற்றலைப் பெரும்பாலும் இழந்துவிடுகிறது. காற்றின் வெப்பநிலையும் அதே வேளையில்தான் அடிமட்டத்தைத் தொடுகிறது. 'நாலு மணிக் குளிர்' என்று எங்கள் ஊரார் தனிப்பெயரிட்டு அஞ்சுவது வீண் அல்ல.

நெடுநல்வாடையில் நக்கீரர், கையை நெருப்பில் காய்ச்சியும் கன்னம் நடுங்கும் கோவலரைக் காட்டுகிறார். அதே பாட்டில் குரங்குகளும் குளிரில் ஒடுங்குகின்றன. நம் 'குரங்குக் குல்லாய்' அந்தக் குரங்குகளுக்குக் கிடைக்கவில்லை என்று தமிழாசிரியரிடம் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, கட்டுரையை ஒழுங்காக எழுது என்றார்.

கொடைக்கானலுக்கு வருவோம். 1899-இல் தொடங்கிய சூரிய ஆய்வுக்கூடத்தைப் பார்ப்பதே எங்கள் சுற்றுலாவின் நோக்கம். பகலில் சூரியப் புள்ளிகளைப் பற்றிக் கேட்டோம். இரவில் சூரியனுக்காக ஏங்கினோம். வெப்பநிலை 10 பாகைக்குக் கீழே சென்றது. ஊரில் கைகொடுத்த தேங்காய்ப்பூத் துண்டை நான் நம்பிக்கையோடு எடுத்துப் போயிருந்தேன். அது தோற்றது. கடற்கரையில் தலைக்கு வேண்டியது காற்றையும் பனியையும் மறைக்கும் ஒரு திரை. அதற்கு உலர்ந்த பருத்தித் துண்டு போதும். மலையில் வேண்டியது அசையாக் காற்றின் தடித்த அடுக்கு. பருத்தியிழை விரைவில் படிந்து தட்டையாகிவிடும்; வியர்வையை உறிஞ்சி ஈரமாகும். ஆட்டு மயிரின் இழை இயற்கையிலேயே சுருள் உடையது. அழுத்தினாலும் நிமிரும். தன் எடையில் மூன்றிலொரு பங்கு வரை நீராவியை உறிஞ்சியும் நனைந்த உணர்வைத் தராது.

ஆனால் கடைகளில் நாங்கள் 'கம்பளி' என்று வாங்கியவற்றுள் பெரும்பாலானவை அக்ரிலிக் எனும் செயற்கை இழை. குல்லாயின் உள்மடிப்பிலிருந்து ஒரு நூலை உருவி, தட்டின்மேல் வைத்துத் தீக்குச்சியால் கொளுத்திப் பார்த்தால் தெரிந்துவிடும். கம்பளியானால் முடி கருகும் நாற்றம் வரும். கரி விரலில் பொடியும். அக்ரிலிக் உருகிக் கருமணியாக இறுகும். எங்கள் அறையில் இப்பரிசோதனை நடந்த இரவு, விலை பேசி வாங்கிய பெருமையில் இருந்த பலருடைய முகங்கள் வாடின. அக்ரிலிக் பயனற்றது என்று சொல்லவில்லை. அது விலை மலிவு, இலேசு, எளிதில் காயும். உலர்ந்த தலைக்கு ஓரளவு சூடும் தரும். ஈரத்தை உறிஞ்சாததால் வியர்த்தால் கசகசக்கும். தீயருகில் உருகித் தோலில் ஒட்டும் என்பதால் அடுப்பு, கொசுவர்த்தி அருகே கவனம் தேவை.

உறக்கத்திற்கான குல்லாய் உலவுவதற்கான குல்லாய் அன்று. உச்சியில் பூப்பந்து வைத்தது நிழற்படத்துக்கு அழகு, படுத்தால் உறுத்தும். இறுக்கமானது இரத்தவோட்டத்தை நெருக்கித் தலைவலி தரும். நெற்றியில் இரண்டு விரல் எளிதாக நுழைய வேண்டும். காலையில் நெற்றியில் தழும்பு விழுந்திருந்தால் அந்தக் குல்லாய் ஆகாது. காதுமடல் முழுதும் மூடப்பட வேண்டும். காதுக்குள் காற்று புகுந்து மூளைக்கு ஏறும் என்பது கற்பனை. செவிப்பறை வழியை அடைத்திருக்கிறது. ஆனால் மெல்லிய மடல் விரைவில் குளிர்ந்து வலிக்கும். கம்பளி அரித்தால் உள்ளே மெல்லிய பருத்தித் துணி தைத்துக்கொள்ளலாம். மூக்கையும் வாயையும் மூட வேண்டாம்: மூச்சின் ஈரம் பின்னலில் தங்கி, அரைமணியில் குளிர்ந்த ஈரத்துணி முகத்தில் ஒட்டும். குரங்குக் குல்லாயின் குறை இதுதான். அது புரளும்போது திரும்பி மூக்கின்மேல் வந்து நிற்கும். மப்ளரைக் கழுத்தில் முடிச்சிட்டு உறங்குவது எந்த வயதினருக்கும் ஆகாது. எண்ணெய்த் தலையில் அணிந்தால் இழைகளுக்கிடையே எண்ணெய் ஏறிக் காற்றுக்கு இடமிராது. கம்பளியைப் பூந்திக்கொட்டை நுரையில் குளிர்ந்த நீரில் அலசி நிழலில் பரப்ப வேண்டும். வெந்நீரில் கசக்கினால் பெரியவர் குல்லாய் பிள்ளைக் குல்லாயாகச் சுருங்கிவிடும்.

அன்றிரவு நண்பர்கள் இருவர் தணல் சட்டி ஒன்றை அறைக்குள் கொண்டுவந்து கதவைச் சாத்த முனைந்தனர். உடன் வந்த பேராசிரியர் கோபித்து அதை வெளியே வைக்கச் செய்தார். அப்போது முணுமுணுத்தோம், இப்போது நன்றி சொல்கிறேன். மூடிய அறையில் எரியும் கரி, கார்பன் மோனாக்சைடை வெளியிடுகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்தின் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் வலுவாக ஒட்டிக்கொள்ளும். உறங்குபவன் விழிக்காமலே போய்விடுவான். மலைக்குச் சுற்றுலா சென்றவர்கள் இவ்வாறு மடிந்த செய்திகளை நாளிதழ்களில் காண்கிறோம். குளிர்ந்தால் இன்னொரு போர்வை, காய்ந்த காலுறை, ஒரு குல்லாய், தணல் வேண்டாம்.

கைக்குழந்தைகளைப் பற்றிச் சொல்லாமல் விட மனமில்லை. என் அக்காள் மகன் பிறந்தது மார்கழியில். ஆச்சி அவனுக்குக் கம்பளிக் குல்லாய் மாட்டி, சன்னலைச் சாத்தி, மின்விசிறியையும் நிறுத்திவிட்டாள். பிள்ளை சிவந்து வியர்த்து அழுதான். குறைமாதத்தில் பிறந்த எடை குறைந்த குழந்தைக்குத் தாயின் மார்போடு அணைத்து, தலையில் குல்லாயும் இடும்படி மருத்துவர்கள் சொல்வது உண்மை. குழந்தைக்கு உடலோடு ஒப்பிட்டால் தலை பெரிது. வெப்பம் அவ்வழியே மிகுதியாக வெளியேறும். ஆனால் நலமாக வளரும் குழந்தைக்கு, வீட்டுக்குள் உறங்கும்போது அதே தலைதான் மிகுந்த சூடு வெளியேறும் வாயில். அதை அடைத்தால் உடல் அளவுக்கு மேல் சூடாகும். குல்லாய் நழுவி மூக்கை மூடும் ஆபத்தும் உண்டு. ஆகவே உறங்கும் கைக்குழந்தைக்குக் குல்லாய் கூடாது என்றே குழந்தை மருத்துவர்கள் அறிவுறுத்துகின்றனர். கைகால் சில்லென்றிருப்பதைக் கண்டு பயப்படாமல், பிடரியையோ வயிற்றையோ தொட்டுப் பார்க்க வேண்டும்.

இதை ஆச்சியிடம் சொல்வது எளிதன்று. எட்டுப் பிள்ளைகளை வளர்த்தவள். "உங்க காலேசுல பிள்ள வளக்கவும் சொல்லித் தாராவளா?" என்று கேட்டாள். நான் வாதாடவில்லை. அவள் கையைப் பிடித்துக் குழந்தையின் பிடரியில் வைத்தேன். வியர்வை பிசுபிசுத்தது. சற்று நேரம் பேசாதிருந்துவிட்டு அவளே குல்லாயைக் கழற்றினாள். கிறிஸ்துமஸ் நடு இராப் பூசைக்குத் தூக்கிப் போகும்போது மாட்டுவேன், வீட்டுக்கு வந்ததும் எடுத்துவிடுவேன் என்று உடன்படிக்கை ஆயிற்று.

கொடைக்கானலில் நெருப்புச் சோதனையில் தேறிய கம்பளிக் குல்லாய் ஒன்றை அப்பாவுக்கென்று வாங்கி வந்தேன். தங்குகடலுக்குப் போகும்போது இரவில் உதவும் என்பது என் எண்ணம். முதல் நாள் கட்டிப் படுத்துவிட்டுக் கரைக்கு வந்தவர், "சூடு நல்லாத்தான் இருக்கு. ஆனா காது கேக்க மாட்டேங்கு. இஞ்சின் சத்தம் மாறுனா எப்படித் தெரியும்?" என்றார். இப்போது அது ஆச்சியின் தலையில் இருக்கிறது. அப்பா, நல்ல தண்ணீரில் அலசிய துண்டைத்தான் கட்டிக்கொண்டு போகிறார்.