புகைச் சோதனைச் சீட்டைப் படியுங்கள்

பழைய பெட்ரோல் கார் புகைச் சோதனையில் தேறவில்லையா? உடனே இன்ஜினைப் பிரிக்க வேண்டாம். பணம் வீணாகும். முதலில் சோதனைச் சீட்டைப் படியுங்கள். அதில் இரண்டு அளவுகளைப் பாருங்கள்.

ஒன்று, கார்பன் மோனாக்சைடு. இது ஒரு நச்சு வாயு. நிறம் இல்லை. மணம் இல்லை. மூடிய அறையில் இன்ஜின் ஓடினால் ஆளையே கொல்லும். 1990-களில் செய்த காருக்கு இது 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது.

ஏன் தாண்டுகிறது? இன்ஜினுக்குள் பெட்ரோல் அதிகம் போகிறது. காற்று குறைவாகப் போகிறது. ஏர் ஃபில்டரில் தூசி அடைத்திருக்கலாம். கார்புரேட்டரைச் சரிசெய்ய வேண்டியிருக்கலாம்.

மற்றொன்று, ஹைட்ரோகார்பன். இது எரியாமல் வெளியேறும் பெட்ரோல். அந்தக் கார்களுக்கு இதன் அளவு, 10 லட்சம் பங்கில் 1500 பங்கு. இது கூடினால் ஸ்பார்க் பிளக்கைப் பாருங்கள். அதன் வயரையும் பாருங்கள்.

நீலப் புகை வருகிறதா? இன்ஜின் ஆயில் எரிகிறது. பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கலாம். அப்போதுதான் பெரிய வேலை தேவைப்படும்.

மெக்கானிக்கிடம் சீட்டைக் காட்டுங்கள். எந்த அளவு கூடியது என்று சொல்லுங்கள். சிறிய வேலையை முதலில் செய்யச் சொல்லுங்கள். பிறகு இன்ஜின் நன்றாகச் சூடான பின் மறுபடி சோதியுங்கள்.