சாம்பற் சந்தையிற் சூது: இணையவழிக் கசினோக்களின் இடர்களை எடைபோடல்

திருக்குறளிலே கள்ளுண்ணாமைக்கும் மருந்துக்கும் இடையில் வைத்து ஆராயப்பட்ட பொருள் சூது. அக்காலத்தில் சூதாடுவோன் தன்னை எதிர்த்தாடுவோனைக் கழகத்திலே நேரிற் கண்டான்; வென்ற பொருளை அவன் கையினின்றே பெற்றான். இன்று இணையவழிக் கசினோவில் ஆடுவோனுக்கு எதிரே இருப்பது ஒரு திரை மாத்திரமே. அத்திரைக்குப் பின்னுள்ள கம்பனி ஒரு நாட்டிற் பதிவுசெய்யப்பட்டு, இன்னொரு நாட்டிற் பணத்தை வைத்து, மூன்றாவது நாட்டில் வாழ்வாரோடு ஆடுதல் கூடும். இந்நிலையில் ஆடுவோன் ஏற்கும் இடர்கள் யாவை, அவற்றை எவ்வாறு எடைபோடுதல் தகும் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலிற் 'சாம்பற் சந்தை' என்னும் தொடரை விளக்குதல் வேண்டும். ஆடுவோன் வாழும் நாட்டின் அனுமதிப்பத்திரம் பெற்ற கசினோ வெண்சந்தையைச் சேர்ந்தது. எவ்வனுமதியும் இன்றி மறைந்து நடப்பது கள்ளச்சந்தை. இவ்விரண்டுக்கும் இடைப்பட்டதே சாம்பற் சந்தை. இங்கே கம்பனியிடம் ஓர் அனுமதிப்பத்திரம் உண்டு. ஆயின் அது வேறொரு நாடு வழங்கியது. ஆடுவோனுடைய நாட்டுச் சட்டமோ இதுபற்றி வாளாவிருக்கும், அல்லது நடத்துவோனைத் தடுத்து ஆடுவோனைத் தண்டியாது விடும். அவுஸ்திரேலியாவின் 2001 ஆம் ஆண்டுச் சட்டம் இவ்விரண்டாம் வகைக்கு எடுத்துக்காட்டாகும். அந்நாட்டிலுள்ளோருக்கு இணையவழிக் கசினோ நடத்துதல் அச்சட்டப்படி குற்றம். அதில் ஆடுதல் குற்றமன்று. இதனைக் கண்டு, தமக்கு ஆபத்தில்லை எனப் பலர் கருதுகின்றனர். தண்டனையின்மை வேறு, பாதுகாப்பு வேறு என்பது ஈண்டு நோக்கற்பாலது.

இடர்களை நாம் இருவகையாகப் பிரிக்கலாம். ஒன்று ஆட்டத்தின் இடர். மற்றையது கொடுப்பனவின் இடர். ஆட்டத்தின் இடரைக் கணிதத்தாற் காணலாம். ஐரோப்பிய றூலெற் சில்லில் 0 முதல் 36 வரை 37 குழிகள் உள. ஓர் எண்ணில் வைத்த பணம் வென்றால் வைத்ததும் அதன் 35 மடங்கும் கிடைக்கும். 37 எண்களிலும் ஒவ்வொரு ரூபா வைப்போன் 36 ரூபாவையே திரும்பப் பெறுவான். எனவே நடத்துவோனுக்குரிய அனுகூலம் 37 இல் 1, அதாவது 2.70 சதவீதம். அமெரிக்கச் சில்லில் இரட்டைச் சுழியம் ஒன்று கூடுதலாக இருத்தலால் அது 5.26 சதவீதமாகின்றது. சுழற்பொறி ஆட்டமொன்று 96 சதவீதத்தைத் திருப்பித் தருமெனின் இழப்பு 4 சதவீதம். இது சிறிதாகத் தோன்றும். ஆயின் நிமிடத்துக்குப் பத்து முறை, முறைக்கு ஒரு யூரோ வீதம் ஆடுவோன் ஒரு மணி நேரத்தில் 600 யூரோவைப் பணயமாக வைக்கிறான். சராசரியாக 24 யூரோவை இழக்கிறான். விகிதம் சிறிதாயினும் வேகம் அதனைப் பெருக்குகின்றது.

'வரவேற்பு ஊக்கத்தொகை' என்பதையும் இவ்வாறே கணித்தல் வேண்டும். 100 யூரோ ஊக்கத்தொகையை எடுப்பதற்கு அதன் 40 மடங்கைப் பணயம் வைத்தல் வேண்டுமெனின், 4,000 யூரோ ஆடப்படல் வேண்டும். 4 சதவீத இழப்பின்படி சராசரி இழப்பு 160 யூரோ. நன்கொடையென வந்தது நன்கொடையினும் பெரிய இழப்பைக் கொணர்கின்றது.

இனி, கொடுப்பனவின் இடரை நோக்குவோம். ஆடுவோன் தோற்ற பணம் அக்கணமே கைமாறுகின்றது. வென்ற பணமோ கம்பனி அவனுக்குக் கொடுக்கவேண்டிய கடனாக நிற்கின்றது. பணத்தை மீளக் கேட்கும்போதே அடையாளச் சான்றுகளைக் கோருதல், வாரத்துக்கு இவ்வளவே எடுக்கலாமென வரையறுத்தல், நிபந்தனை மீறப்பட்டதெனக் கூறி வெற்றியைச் செல்லாததாக்குதல் என்பன இச்சந்தையிற் காணப்படும் வழக்கங்கள். ஐரோப்பிய றூலெற்றிற் சிவப்பில் 100 ரூபா வைப்போன் சராசரியாக 97.30 ரூபாவைத் திரும்பப் பெறுவான். இருபது வெற்றிகளில் ஒன்றுக்கு மாத்திரம் பணம் வராது போயிற்றெனக் கொள்வோம். அப்போது அவன் பெறுவது 92.43 ரூபா. இழப்பு 2.70 ரூபாவிலிருந்து 7.57 ரூபாவாக, ஏறக்குறைய மூன்று மடங்காக, உயர்கின்றது. சில்லு நேர்மையாகச் சுழன்றபோதும் இவ்விளைவு நேர்தல் கவனிக்கத்தக்கது.

இக்கடன் எவ்வளவு நொய்தானது என்பதற்கு புல் ரில்ற் போக்கர் என்னும் தளத்தின் வரலாறு சான்றாகும். சீட்டாட்டத் தளமாயினும் அதன் படிப்பினை கசினோவுக்கும் பொருந்தும். ஆங்கிலக் கால்வாயிலுள்ள அல்டேர்ணித் தீவின் அனுமதிப்பத்திரத்தை அது பெற்றிருந்தது. 2011 ஏப்பிரலில் அமெரிக்க அரசு அதன்மீது நடவடிக்கை எடுத்தது. அவ்வாண்டு மார்ச் இறுதியில் அது ஆடுவோருக்குக் கொடுக்கவேண்டியிருந்தது ஏறக்குறைய 390 மில்லியன் டொலர் என்றும், வங்கியில் இருந்தது ஏறக்குறைய 60 மில்லியன் டொலர் மாத்திரமே என்றும் அமெரிக்க நீதித் திணைக்களம் குற்றஞ்சாட்டியது. அல்டேர்ணி அனுமதிப்பத்திரத்தை இரத்துச் செய்தது. பணம் அதனால் வந்துவிடவில்லை. 2012 இற் போட்டிக் கம்பனியொன்று அமெரிக்க அரசுடன் உடன்பாடு செய்து அத்தளத்தை ஏற்ற பின்னரே ஆடுவோர் பணம் பெறும் வழி திறந்தது. அமெரிக்கருக்கு 2014 இலேயே கொடுப்பனவு தொடங்கியது. அத்தகைய வாங்குவோன் எல்லா வீழ்ச்சிகளிலும் தோன்றுவான் என எதிர்பார்ப்பதற்கில்லை.

அனுமதிப்பத்திரத்தின் வலிமையும் இடத்துக்கிடம் வேறுபடும். குராசோத் தீவில் 1993 ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் முதன்மை அனுமதி பெற்ற சில கம்பனிகளே பிறருக்கு உப அனுமதிகளை வழங்கிவந்தன. மேற்பார்வை செய்வோரும் அதனால் வருவாய் பெறுவோரும் ஒருவராகவே இருந்தனர். 2024 டிசெம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம் இம்முறையை நீக்கி, அரசின் அதிகாரசபையே நேரே அனுமதி வழங்குமாறு செய்தது. மோல்ற்றாவின் நிலை வேறானது. ஜேர்மனி, ஒஸ்திரியா ஆகிய நாடுகளின் நீதிமன்றங்கள் தம் நாட்டு அனுமதி பெறாத கம்பனிகளிடமிருந்து, ஆடுவோர் இழந்த பணத்தை மீட்டுக்கொடுக்குமாறு பல வழக்குகளிலே தீர்த்தன. 2023 இல் மோல்ற்றா தன் சட்டத்தைத் திருத்தி, தன் அனுமதிபெற்ற கம்பனிகளுக்கு எதிரான அத்தகைய தீர்ப்புகளைத் தன் நீதிமன்றங்கள் ஏற்காது மறுக்க வழிசெய்தது. இவ்வாறு வழக்கில் வென்றோனும் பணம் பெறாது நிற்றல் கூடும்.

சாம்பற் சந்தைக்குச் சார்பாகக் கூறப்படும் வாதத்தையும் நாம் ஒதுக்கலாகாது. ஜேர்மனியில் 2021 முதல் சுழற்பொறி ஆட்டத்தின் பணயத்துக்கு 5.3 சதவீத வரி உண்டு. ஒரு சுழற்சிக்கு ஒரு யூரோ என்னும் எல்லையும் உண்டு. வரி காரணமாக அனுமதிபெற்ற தளங்கள் குறைவாகத் திருப்பித் தருகின்றன. பிறநாட்டுத் தளங்கள் கூடுதலாகத் தருவோம் என்கின்றன. இவ்வேறுபாடு மெய்யானதே. ஆயின் 96 சதவீதம் தருவதாகக் கூறும் தளம் இருபதில் ஒரு வெற்றியைக் கொடாது விடின் அது 91.2 சதவீதமாகிவிடும். ஆடுவோன் தேடிச்சென்ற இலாபம் அவ்வொரு தவறுதலிலேயே கரைந்துபோகும். மறைகுறியீட்டு முறையால் ஒவ்வோர் ஆட்டத்தின் நேர்மையையும் சரிபார்க்கலாம் எனச் சில தளங்கள் கூறுகின்றன. அச்சோதனை காட்டுவது ஆட்டத்தின் முடிவு திரிக்கப்படவில்லை என்பதையே. பணம் கொடுக்கப்படுமா என்பதை அது காட்டமாட்டாது. இலத்திரனியல் நாணயத்தில் அனுப்பிய பணத்தை வங்கி வாயிலாக மீளப்பெறவும் இயலாது.

இவை யாவற்றினும் கொடியதான இடர் ஒன்றுண்டு. சூதாட்டக் கோளாற்றை உலக சுகாதார நிறுவனம் நோயாக வகுத்துள்ளது. தன்னைக் கட்டுப்படுத்த இயலாதவன் தெளிந்த வேளையிலே தன் பெயரைத் தானே விலக்குப் பட்டியலிற் பதிந்துகொள்ளும் ஏற்பாடு பிரித்தானியாவில் 2018 இலும், சுவீடனில் 2019 இலும், நெதர்லாந்தில் 2021 இலும் தொடங்கியது. அந்நாடுகளில் அனுமதிபெற்ற இணையத் தளங்கள் அவனை ஏற்றல் ஆகாது. சாம்பற் சந்தைத் தளங்களை இப்பட்டியல் கட்டுப்படுத்தாது; அப்பட்டியலிற் சேராத தளம் என்பதையே விளம்பரமாகக் கொள்வாரும் உளர். நோயாளி தன் கையாலே பூட்டிய கதவுக்கு அருகில் வேறொரு வாயிலைத் திறந்துவைக்கும் செயல் இது. அவனுக்கு நேரும் இழப்பு வாடகைப் பணத்தையும் பிள்ளைகளின் கல்விப் பணத்தையும் சென்றடையும். ஆதலின் அவ்விழப்பைச் சதவீதத்தால் அளத்தல் இயலாது.

தொகுத்து நோக்குமிடத்து, சாம்பற் சந்தையில் ஆடுவோன் சில்லையும் சீட்டையும் எடைபோடுகிறான், எடைபோடவேண்டியதோ கடனாளியை. வென்றால் எனக்குக் கடன்படுவோன் யார்? என் பணத்தைத் தன் பணத்தினின்று வேறாக வைக்க எச்சட்டம் அவனை வற்புறுத்துகின்றது? அவன் கொடாவிடின் எந்நீதிமன்றம் என் வழக்கை ஏற்று, தீர்ப்பை நிறைவேற்றும்? நான் நிறுத்த விரும்பும் நாளில் என்னை நிறுத்த உதவுவார் யார்? இந்நான்கு வினாக்களுக்கும் விடை காணாதவன், ஆட்டம் தொடங்குமுன்னரே அளவறியாத பணயமொன்றை வைத்துவிட்டான் என்றே நாம் கொள்ளுதல் வேண்டும்.